பெருமாளை டில்லிக்கு அனுப்புவது பற்றி

சிரஞ்சீவி வரதனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, எழுந்தால் உட்கார முடிவதில்லை. இந்த லட்சணத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடி, பேனாவைத் தேடி, இரண்டும் கிடைத்தபோது மைக்கூட்டில் மை காய்ந்து கிடந்தது. அதெல்லாம் ஒரு சாக்கு. நிஜக் காரணம், என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எழுதிக்கொண்டே போனால் தெரியுமோ என்னவோ. நீளமாகத்தான் இருக்கும். ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. அகத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நீ கேட்டிருப்பது ஒரே ஒரு விஷயம். நம் அகத்துச் சாளக்கிராமப் பெருமாளை, லீவில் இங்கே வந்திருக்கும் உன் சிநேகிதன் சேஷுவிடம் டில்லிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். சர்க்கார் ஆபீஸ் கல்கத்தாவை விட்டுக் கிளம்பியபோது நீயும் அதோடு கிளம்பினாய். கூடப் போனவர்களுக்கெல்லாம் உத்தியோகம் உயர்ந்துவிட்டது, உனக்கு மட்டும் உயரவில்லை. அங்கே யாரோ ஒரு ஜோசியர், குலத்துப் பெருமாள் பிள்ளையின் அகத்தில் இருந்தால்தான் ஐசுவரியம் ஒட்டும் என்று சொல்லியிருக்கிறார். "நம் பெருமாள் ராசியான பெருமாள் என்று ஊரே சொல்லிற்றே அப்பா, எனக்கும் கொஞ்சம் அந்த ராசி வேண்டாமா?" என்று நீ எழுதியிருக்கிறாய். கடிதத்தில் மற்றதெல்லாம் படித்தாகிவிட்டது. அந்த ஒரு வரியில்தான் ஒரு வாரமாக நிற்கிறேன்.

சேஷு வந்து கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். பாவம், அவன் முகம் விழுந்துவிட்டது. "வரதன் ரொம்ப ஆசையா எழுதியிருக்கான் மாமா" என்றான். "ஆசையா எழுதலைடா, அவசரமா எழுதியிருக்கான்" என்றேன். "நான் ஸ்நானம் பண்ணிட்டு மடியா, மடியிலேயே வெச்சு ஏளப்பண்ணிண்டு போறேன் மாமா, கீழே வைக்கமாட்டேன்" என்று அவன் கெஞ்சினான். "ரயில்ல மடியாம் மடி! பெருமாள் என்ன மணியார்டரா, அங்கே அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறதுக்கு? போடா, காப்பி ஆறிப்போறது, குடி" என்று அதட்டினேன். அவன் குடித்துவிட்டுப் போய்விட்டான். நல்ல பிள்ளை. என் எரிச்சலெல்லாம் உன்மேல்தான், அவன் குறுக்கே வந்து அகப்பட்டுக்கொண்டான்.

ராசி என்கிற அந்த வார்த்தை எப்படி நம் அகத்துக்குள் வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ பார்த்ததெல்லாம் பாதியில் இருந்துதான். என் தகப்பனார் காலத்துக்குப் பிறகு இந்தப் பெருமாள் என்னிடம் வந்தபோது, நானும் உன் அம்மாவும் பவானிபூரில் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தோம். நான் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. காலையில் திருமஞ்சனம் பண்ணி, உன் அம்மா வடித்த ஒரு பிடி சாதத்தை அவருக்கு அமுது செய்யப் பண்ணிவிட்டு, அதையே சாப்பிட்டுவிட்டு டிராமுக்கு ஓடுவேன். ஒருநாளும் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்க நேரமும் இல்லை. பிறகு சணலுக்குக் காலம் வந்தது. துரைக்கு என்மேல் ஒரு பிரியம் விழுந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்திக்கொண்டே போனார். பெரிய வீடு, குதிரை வண்டி, வெள்ளிப் பாத்திரம், ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் உறவுக்காரர்கள் என்று எல்லாம் வந்து சேர்ந்தது. வந்தவர்களில் யாரோதான் முதலில் சொன்னார்கள், உங்காத்துப் பெருமாள் ராசியானவர் என்று. எனக்கு அது இனித்தது. என் சாமர்த்தியம் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு இனித்திருக்காது. ஏன் என்றால் இதில் அடக்கமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது பார்!

அதற்குப் பிறகு நடந்த கூத்தில் கொஞ்சம் உனக்கே நினைவிருக்கும். படா பஜாரில் வியாபாரம் பண்ணிய நம்மவர்கள், ஒரு பேரம் பேசப் போகுமுன் நம் அகத்துக்கு வந்து பெருமாளை ஸேவித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் திருமஞ்சனத் தீர்த்தத்தைக் குப்பியில் வாங்கிக்கொண்டு போய்த் தன் சணல் கிடங்கில் தெளித்தார். நான் தடுக்கவில்லை. கோயிலாழ்வாருக்கு, அதுதான் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அந்தச் சின்ன மரப்பெட்டிக்கு, வெள்ளித் தகடு அடித்தேன். ஆனால் அதன் முன்னால் உட்கார எனக்குப் பொழுதில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு பையனை வரவழைத்துச் சம்பளம் போட்டுத் திருவாராதனத்தை அவனிடம் ஒப்படைத்தேன். உன் அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. "கடை வாசல்ல திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடறாப்பல அவரைத் தொங்கவிட்டுட்டேள்" என்றாள் ஒருநாள். "வாயை மூடு, அவரால வந்ததுதானே இத்தனையும்" என்றேன். "அவரால வந்ததுன்னு சொல்றேளே, இத்தனையும் வரலேன்னா அவர் யாரு உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிப்போய்விட்டேன்.

பிறகு உன் தங்கை செல்லத்துக்கு ஜுரம் வந்தது. அதை விவரமாக எழுத இன்றைக்கும் எனக்குத் திராணி இல்லை. நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். சௌரங்கியிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வந்தார், காளிகாட்டிலிருந்து நாட்டு வைத்தியம் பண்ணும் கவிராஜர் வந்தார், ஐஸ் கட்டி வண்டியில் வந்து இறங்கியது. கையில் இருந்த எல்லாவற்றையும் அவள் கட்டிலைச் சுற்றிக் கொட்டினேன். குழந்தை நிற்கவில்லை. போய்விட்டாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வரதா, கோபம். இத்தனை வெள்ளித் தகடு அடித்தேனே, இவருக்கு என்ன குறைவைத்தேன் என்று. பேசினபடி சரக்கு வராத வியாபாரிக்கு வருகிற கோபம் அது. அதற்கு வேறு பெயர் கொடுத்து என்ன பிரயோஜனம்?

அகத்தில் தீட்டு. தீட்டில் நாம் சாளக்கிராமத்தைத் தொடக்கூடாது. அதற்காக அவரைப் பட்டினி போடவும் கூடாது. உறவில்லாத ஒருவர் தம் அகத்துக்கு ஏளப்பண்ணிக்கொண்டு போய் ஆராதனம் பண்ண வேண்டும். கும்பகோணத்துப் பையன் தன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். ராசி ராசி என்று வந்து விழுந்து ஸேவித்தவர்களுக்குச் சொல்லியனுப்பினேன். ஒருவருக்கு வெளியூர்ப் பயணம். ஒருவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. சாவு விழுந்த அகத்திலிருந்து வருகிற பெருமாள் தங்கள் அகத்துக்கு எதைக் கொண்டுவருவாரோ என்று பயம், வேறென்ன. கடைசியில் கூப்பிடாமலே வந்து நின்றவன் நரசிம்மன். என் பழைய ஆபீஸ் சிநேகிதன்தான், உனக்குத் தெரியும். அப்போது அவனுக்கு வேலை போய், காளிகாட்டில் ஒற்றை அறையில் மனைவி அலமேலுவோடு ஒண்டிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று, "நான் ஏளப்பண்ணிண்டு போகட்டுமா?" என்று கேட்டான். மனசில்லாமல்தான் தலையை ஆட்டினேன். வெள்ளிப் பெட்டியை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறையில் வைத்தால் பூட்டிக் காவல் இருக்க முடியாது என்று, பெருமாளை மட்டும் தானே ஈர வேஷ்டித் தலைப்பில் எடுத்துக்கொண்டு நடந்தே போனான்.

தீட்டுக் கழிந்ததும் அழைத்துவரப் போனேன். ஆதிகங்கைக் கரையில், சேற்று நாற்றம் அடிக்கிற சந்து. அறையின் ஒரு மூலையை மெழுகிக் கோலம் போட்டு, ஒரு சின்ன மணையில் பெருமாளை வைத்திருந்தார்கள். அலமேலு கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டில் துளசியை எடுத்துவந்தாள். எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? இவ்வளவு ராசியான பெருமாள் கையில் இருந்தபோது இவள் என்ன கேட்டிருப்பாளோ என்றுதான் தோன்றிற்று. கேட்டும் விட்டேன். "ஏம்மா, நரசிம்மனுக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டிண்டியா?" அவள் திகைத்துப் போனாள். "என்ன மாமா இப்படிக் கேக்கறேள்! ஆத்துக்கு ஒருத்தர் வந்தா, சாப்பிட வாங்கோன்னு கூப்பிடுவாளா, எனக்கு என்ன கொண்டுவந்தேள்னு கேப்பாளா? நெய்கூட இல்லாம வெறும் பருப்பும் சாதமும்தான் கண்டருளப் பண்ணினோம். அதுதான் எனக்குக் குறை" என்றாள். நான் பெருமாளை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் உன் அம்மா எழுந்து குளித்து, அடுப்பு மூட்டி, பெருமாளுக்குத் தளிகை பண்ண உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எதுக்கு? குழந்தையைக் காப்பாத்தினாரா?" என்று கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவர் நம்மாத்து வேலைக்காரரா, சொன்னதைச் செய்யலேன்னா சோத்தை நிறுத்தறதுக்கு?" என்றாள். பிறகு புகையிலிருந்து முகத்தைத் தூக்கி, "எனக்குக் கோபம் இல்லேன்னு நினைச்சுக்காதேங்கோ. நிறைய இருக்கு. கோபத்தோடதான் பண்ணிண்டிருக்கேன்" என்றாள். வரதா, நான் எத்தனையோ உபந்யாசம் கேட்டிருக்கிறேன். கடவுளை நம்புவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த மட்டும் அந்த அடுப்பங்கரையில் புரிந்ததுதான். கும்பகோணத்துப் பையன் திரும்பி வந்ததும் அவனை வேறு இடத்தில் அமர்த்திவிட்டு, ஆராதனத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கதை நன்றாகப் போயிற்று என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போகவில்லையே! துரை காலமானார், அவர் பிள்ளைகள் கம்பெனியை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள், நான் வெளியே வந்தேன். வண்டி போயிற்று, வெள்ளி போயிற்று, கோயிலாழ்வாரின் தகடும் போயிற்று. நாம் இந்த மாடிப் போர்ஷனுக்கு வந்தோம். அதே சமயத்தில் நரசிம்மனுக்குக் கிதர்பூர் துறைமுகத்தில் உத்தியோகம் கிடைத்தது. அப்போது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். "பெருமாளை அவாத்துக்கு அனுப்பினதோட ராசியும் அங்கேயே தங்கிடுத்து" என்று நீ சொன்னபோது உன் அம்மா உன்னை அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்தேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. எனக்குள்ளும் அதே நினைப்பு ஒரு மூலையில் கிடந்தது. இந்த வியாதி என்னிடமிருந்துதான் உனக்கு ஒட்டியிருக்கிறது. அதனால் உன்னை எந்த முகத்தோடு கண்டிப்பேன்?

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ராசி போன பிறகுதான் நீ பாஸ் பண்ணினாய். ராசி போன பிறகுதான் உனக்குச் சர்க்கார் உத்தியோகம், கல்யாணம், குழந்தை எல்லாம். பிள்ளைக்குப் பெண் கொடுக்க வருகிறவனுக்குக் காட்ட நம்மிடம் ஒரு வெள்ளிக் கூஜா இல்லை. இருந்தும் உன் மாமனார் வந்தார். நாம் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உன் அம்மா காலமான வருஷத்திலும், கீழ்வீட்டு அம்மாள் துளசி பறித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், நானும் எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். ஐசுவரியம் வந்ததும் அவர் செயல், போனதும் அவர் செயல் என்று சுலபமாக எழுதிவிடலாம். நான் சொல்வது அதுகூட இல்லை. ஐசுவரியம் வரும்போதும் போகும்போதும் ஏதோ ஒன்று நம்மைக் கைவிடாமல் இருந்தது. நாம் அதைக் கவனிக்கவில்லை, வண்டியைத்தான் கவனித்தோம்.

இவ்வளவு ஞானம் பேசுகிறவன் ஏன் சேஷுவிடம் முடியாது என்று சொன்னான் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன். உன்னைத் திருத்துவதற்காக மறுத்தேன் என்றே நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை, நீ காக்கிமா என்று கூப்பிடுவாயே, அந்தக் கீழ்வீட்டு அம்மாள் துளசியோடு மேலே வந்தாள். சேஷு வந்துபோன விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. நம் பெருமாளை அவர்கள் டாக்கூர் என்றுதான் சொல்வார்கள், அண்ணாவைத் தாதா என்பார்கள். "தாதா, டாக்கூர் போய்விட்டால் நீங்கள் யாருக்குச் சமைப்பீர்கள்?" என்று அவள் வங்காளத்தில் கேட்டாள். "உங்களுக்கென்று நீங்கள் அடுப்பு மூட்டமாட்டீர்களே!" நான் சிரித்து மழுப்பினேன். அவள் கீழே இறங்கிப் போன பிறகு அடுப்பின் முன்னால் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உண்மை அதுதானடா. மழைக்காலத்தில் கரி நமுத்துப்போய்ப் புகையும், கண் எரியும், முட்டி மடங்காது. படுத்தே கிடந்துவிடலாம் என்று தினமும் தோன்றும். அவருக்கு ஒரு பிடி வைக்க வேண்டுமே என்றுதான் எழுகிறேன். அவர் கண்டருளின அந்த ஒரு பிடிதான் எனக்கும் ஆகாரம். அவர் இருக்கிறார் என்பதால் இந்த அறையில் யாரோ இருக்கிறார்கள். நீ அவரை உத்தியோகத்துக்காக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய், நான் என் தனிமைக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அவர் கைமுதல், எனக்கு அவர் துணை. அவர் அந்தப் பெட்டியில் இருந்தால்தான் என்னைப் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தால், தீர்த்தத்தைக் குப்பியில் வாங்கிக்கொண்டு போனவனைவிட நான் எதில் உசத்தி? கிழவயசில் இது புரிந்து, சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் முதல் பாடமா என்று.

அதனால் அனுப்புகிறேன். சேஷுவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நம்பாமல் இரண்டு தரம் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஹௌராவில் ரயில். அன்று காலை தளிகை பண்ணி அமுது செய்யப் பண்ணி, அவன் கையில் ஏளப்பண்ணிக் கொடுக்கிறேன். வழியில் கண்டருளப் பண்ணப் பழமும் கல்கண்டும் தருகிறேன். இந்தக் கடிதமும் அவனிடமே வரும். டில்லியில் துளசி கிடைக்குமோ கிடைக்காதோ, ஒரு தொட்டி வைத்துக்கொள். குளிருக்குப் பயந்து திருமஞ்சனத்தைச் சுருக்காதே. வெந்நீர் கலந்துகொண்டால் தப்பில்லை. நாட்டுப்பெண்ணிடம் சொல், பக்ஷணம் ஒன்றும் வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதையே வைத்தால் போதும். ஆராதனத்துக்கு ஆள் மட்டும் போடாதே. ஆபீசுக்கு நேரமாகிறது என்றால் சீக்கிரம் எழுந்திரு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. திங்கட்கிழமை காலை எழுந்து, பழக்கத்தில் அரிசியைக் களைந்துவிட்டு, யாருக்கு என்று ஒரு நிமிஷம் நிற்பேன். கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். பெட்டி இல்லாத மூலையைப் பார்த்து, இங்கேயும் இருக்கிறீரா என்று கேட்டுவிட்டு, பதில் வராமலே வடித்துச் சாப்பிட வேண்டும். உனக்கு இத்தனை பக்கம் உபதேசம் எழுதியவன் அதைச் செய்துபார்க்க வேண்டாமா?

உனக்கு உத்தியோகம் உயர வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். தகப்பன் வேறு எப்படி இருப்பான்? உயர்ந்தால் எனக்கு எழுதிச் சிரமப்படாதே. சேஷு சொல்வான், ஊரில் நாலு பேர் சொல்வார்கள். உயராமல் போய், உனக்குப் பின்னால் வந்தவனுக்கு அது கிடைத்து, நீ மனம் கசந்து அகத்துக்கு வருகிற ஒருநாள் இருக்கும். அதற்கு மறுநாள் காலையில் நீ குளித்துவிட்டு, கோபத்தோடாவது, அவர் முன்னால் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயானால், அன்றைக்கு எனக்கு ஒரு கார்டு போடு. இனிமேல் தபால்காரன் குரல் கேட்டால் அதற்காகத்தான் படியிறங்குவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா